நாய் நொண்டுகிறதா? மாத்திரைக்கு முன் பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: நான்கு வயது நாய், 22 கிலோ. நேற்று மாலையிலிருந்து தாங்கித் தாங்கி நடக்கிறது. எந்தக் கால் என்றே பிடிபடவில்லை. நாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

எந்தக் கால் என்பதைத் தலை சொல்லிவிடும். ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, கெட்டியான தரையில் மெதுவாக நடத்தட்டும். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்னங்காலில் வலி என்றால் அந்தப் பக்க இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும். கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் அறைக்குள் போனதும் பரபரப்பில் நொண்டாமல் நடக்கிற நாய்கள் நிறைய.

அடுத்து பாதம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், வாய்க்கவசம் போட்டுவிடுங்கள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்: முள், கண்ணாடிச் சில்லு, பிளந்த நகம், உண்ணி. நக்கி நக்கி ஈரமாகிக் கிடக்கும் முடி இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலாகக் குத்திய முள்ளை, ஏறிய கோணத்திலேயே இடுக்கியால் வெளியே இழுங்கள். ஆழமாகப் போனதைத் தோண்டாதீர்கள். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துக் கழுவினால் போதும். கட்டுப் போட்டால் நடு விரல்கள் இரண்டின் நுனியும் வெளியே தெரியட்டும். அந்த இரண்டு நகங்களும் விலகி விரிந்துபோனால் கட்டு இறுக்கம், பாதம் வீங்குகிறது என்று பொருள், உடனே அவிழ்த்துவிடுங்கள்.

காயமில்லை, வீக்கம் மட்டும்தான் என்றால் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை, முதல் இரண்டு நாள் வையுங்கள். புதிய அடிக்கு வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் உருவலும் வீக்கத்தைக் கூட்டும். இதையெல்லாம்விடப் பெரிய மருந்து ஓய்வு. படி, குதித்தல், ஓட்டம் எதுவும் கூடாது. மலஜலத்துக்கு மட்டும் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போங்கள். சற்றுத் தேறியதும் ஓடவிடுவதால்தான் பாதி நாய்கள் மறுபடி நொண்டுகின்றன. இரண்டு நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கால் தொங்கினாலோ, கோணினாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றே போக வேண்டும்.

கேள்வி: ஒருநாள் இடது முன்னங்கால், இன்னொரு நாள் வலது பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டுகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது. சுளுக்குதானா?

பதில்: சுளுக்கு கால் மாறாது. உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சலில் மூட்டுகள் இப்படி வலிக்கும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) எண்ணச் சொல்லுங்கள். அவை குறைந்திருக்கும்போது வலி மருந்து கொடுத்தால் இரத்தக் கசிவு ஆபத்து கூடும். உண்ணிக் காய்ச்சல் உறுதியானால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வழக்கமாக 28 நாள் தருவார்கள். உணவோடு கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வையுங்கள். வறண்ட தொண்டையில் மாத்திரை ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு வாரத்தில் துள்ளிக் குதிக்கும், அப்போதும் மருந்தை நிறுத்தாதீர்கள். உங்களுடையது ஒரு வயதுக்குட்பட்ட பெரிய இனக் குட்டி என்றால், வளரும் எலும்பில் வரும் அழற்சியும் இப்படித்தான் கால் மாறும்.

கேள்வி: ஏழு வயது, கனத்த உடம்பு. ஆறு வாரமாகப் பின்னங்கால் நொண்டல். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்கிறார்கள்.

பதில்: முழங்கால் தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டுகிறதா என்று கவனியுங்கள். மயக்க மருந்து கொடுத்து, முழங்காலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் எலும்பு இழுப்பறை போல முன்னால் நழுவினால் தசைநார் அறுந்திருக்கிறது. கனமான நாய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. எடையை இப்போதே குறைக்கத் தொடங்குங்கள். மற்ற முழங்காலும் இதே வழியில் போவது சகஜம்.