நாய்க்குச் சொல் புரிகிறதா, கணினிக்கு எழுத்து தெரிகிறதா? – கேள்வி பதில்

கேள்வி: "பந்து" என்றால் பந்தையும் "செருப்பு" என்றால் செருப்பையும் என் நாய் கொண்டுவருகிறது. சொல் புரிந்துதான் செய்கிறதா?

புரிந்திருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துச் செய்கிறதா என்று முதலில் பாருங்கள். 1904-இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரையும் கோட்டைவிட்டது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே சற்று நிமிரும். அதைக் கண்டுதான் குதிரை நிறுத்தியது.

ஆகவே இரண்டு பொருளையும் அடுத்த அறையில் வையுங்கள். எடுக்கும்போது நாயின் கண்ணில் யாரும் படக் கூடாது. எதைக் கேட்பது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். எது இடம், எது வலம் என்பதையும் அப்படியே. எதைக் கொண்டுவந்தாலும் ஒரே மாதிரி தட்டிக்கொடுங்கள். சரியானதற்கு மட்டும் தீனி கொடுத்தால் சோதனையே பயிற்சியாகிவிடும், பலரும் சறுக்குவது இங்கேதான். 20 முறையில் 15 அல்லது அதற்கு மேல் சரி என்றால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 50-இல் 1 தான். 12, 13 என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: நினைவாற்றலில் சிம்பன்சி மனிதரை வென்றதாமே?

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் அயுமு என்ற சிம்பன்சி, திரையில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே மின்னி மறைந்த எண்களின் இடத்தை வரிசையாகத் தொட்டது. 2007-இல் வெளியான முடிவு. ஆனால் அயுமு நிறையப் பழகியிருந்தது, எதிரே இருந்த மாணவர்கள் பழகவில்லை. பின்னர் நன்றாகப் பழகிய மனிதர்களும் அதை எட்டினார்கள்.

கேள்வி: யானையின் மூளை நம்முடையதைவிடப் பெரிதல்லவா?

ஆம், அதில் சுமார் 25,700 கோடி நரம்பணுக்கள். நமக்கு 8,600 கோடி. ஆனால் யானைக்கு அவற்றில் பெரும்பகுதி சிறுமூளையில். சிந்தனைக்கு முக்கியமான பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், 560 கோடிதான். நமக்கு அங்கே 1,600 கோடி.

கேள்வி: கட்டுரை எழுதும் கணினி எழுத்தை எண்ணும்போது தடுமாறுவது ஏன்?

அது எழுத்தைப் பார்ப்பதில்லை. "சொற்பொழிவு" நமக்கு ஐந்து எழுத்து: சொ, ற், பொ, ழி, வு. கணினியில் அதுவே பத்துக் குறியீடு; சொ என்பது ச-வும் கொம்பு-கால் குறியும். அவற்றையும் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் தந்துதான் மொழி மாதிரிக்குள், அதாவது கட்டுரை எழுதும் அந்த நிரலுக்குள், அனுப்புகிறார்கள். முதலில் எழுத்துகளை வரிக்கு ஒன்றாகப் பிரித்து எழுதச் சொல்லிவிட்டு எண்ணச் சொல்லுங்கள், பிழை குறையும்.

கேள்வி: அப்படியானால் மனிதருக்கு என்று தனியாக என்னதான் இருக்கிறது?

சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பரிசு எடுப்பதைக் காட்டுகிறார்கள். நடுவே தேவையில்லாமல் மேலே குச்சியை விட்டுக் குத்துகிறார்கள். 2005-இல் வெளிவந்த ஆய்வில் சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகளோ குத்துவதையும் சேர்த்தே செய்தார்கள். பார்த்தால் சிம்பன்சிக்கே சூட்டிப்பு அதிகம் என்று தோன்றும். ஆனால் காரணம் தெரியாவிட்டாலும் காட்டியதை அப்படியே செய்கிற பிள்ளையால்தான், தான் கண்டுபிடித்திருக்க முடியாத பல படி வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ள முடிகிறது.