பின் சீட்டில ஹிட்லர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பஸ்ஸில ரெண்டு பொம்பிளையள் கதைச்சுக்கொண்டு போக, பின் சீட்டில ஹிட்லரும் அவன்ட தளபதி கோரிங்கும் இருந்து ஒட்டுக்கேக்கிற பழைய கார்ட்டூன் ஒண்டு வாட்ஸ்அப்பில வந்தது. வீட்டில எல்லாரும் சிரிச்சம், அப்பா மட்டும் சிரிக்கேல்ல. சண்டை நேரத்துச் சனத்தின்ட பயத்த வச்சுப் பகிடி விடலாமோ?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: விடலாம் தங்கச்சி, ஆனா அந்தப் பகிடி ஆர நோக்கி விரல் நீட்டுது எண்டு பாக்கவேணும். நீங்க பாத்தது 1940ல ஃபூகாஸ் எண்ட பேரில சிரில் பேர்ட் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் காசு வாங்காமக் கீறிக்குடுத்த போஸ்டர்கள்ள ஒண்டு, கண்ட இடத்தில வாய் திறக்காதேங்கோ எண்டு சனத்துக்குச் சொல்லுறது. அதில ஒட்டுக்கேக்கிற ஆள் ஹிட்லரேதான், பக்கத்து வீட்டு இத்தாலிக்காரன் இல்ல, ஜெர்மன் அகதி இல்ல. படத்துக்கு வெளியில, பிரிட்டனில அதே வருஷம் அந்த ஆக்களத்தான் பிடிச்சு அடைச்சவை, ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த யூதரையும் சேத்து.

இதுக்கு எதிர்ப்பக்கமா ஒரு படம் இருக்கு. சின்னப்பிள்ளையளின்ட கதைக்குப் பேர்போன டாக்டர் சூஸ் 1942 பெப்ரவரி 13ல நியூயோர்க் பேப்பர் ஒண்டில கீறினது. அமெரிக்காவின்ட மேற்குக் கரை முழுக்க ஜப்பானியர் வரிசையில வந்து ஒரு கடையில வெடிமருந்துப் பெட்டி வாங்கினம், எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே கண்ணாடி, ஒரே சிரிப்பு, கூரையில ஒருத்தன் தொலைநோக்கி வச்சுக் கடலப் பாக்கிறான். ஆறு நாளில அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓடரில கையெழுத்து வச்சார், ஜப்பானிய வம்சாவளிச் சனம் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அளவில முகாமுக்குப் போச்சினம், அதில மூண்டில ரெண்டு பங்கு அமெரிக்கப் பிரஜையள். அந்தப் படம்தான் காரணம் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அது ஏற்கனவே பயந்துபோயிருந்த சனத்துக்கு ஆரச் சந்தேகப்படவேணும் எண்டு ஆளக் காட்டிக் குடுத்தது, அது பெரிய அநியாயம்.

பயம் பொய்யில்ல. அதே வருஷம் ஏப்ரல் 9ல ஜப்பான் பிளேன் எங்கட திருகோணமலையிலயே குண்டு போட்டது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிஞ்சது.

அப்பா ஏன் சிரிக்கேல்ல எண்டு எனக்கு விளங்குது. எங்கட ஊர்கள்ள சுத்திவளைப்பில சனத்த வரிசையா விட, முகத்த மூடின தலையாட்டி ஒருத்தன் இருந்து தலைய ஆட்டினா ஆள் ஏத்துப்பட்டுப் போயிடும், அதப் பாத்த தலைமுறைக்கு ஒட்டுக்கேக்கிறது எண்டாலே வயித்தக் கலக்கும். அவரச் சிரிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ.

கேள்வி: சூஸ் பிறகு மனம் மாறினாரோ?
– வாசகர், சீனக்குடா

பதில்: 1953ல ஜப்பானுக்குப் போனார், அடுத்த வருஷம் வந்த புத்தகத்த ஜப்பானிய நண்பர் ஒருத்தருக்குச் சமர்ப்பிச்சார். நல்லது, ஆனா எனக்கு அது காணாது, முகாமுக்குள்ள கிடந்த அமெரிக்கச் சனத்துக்காகவும் ஒரு படம் கீறியிருக்கலாம்.