கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு? குதிரைப் பந்தயக் கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒவ்வொரு ரேஸுக்கும் கட்டிய தொகையையும் வந்த தொகையையும் டைரியில் குறித்து வருகிறேன். இது போதுமா?

பதில்: போதாது. மொத்தத்தில் லாபமா நஷ்டமா என்பது இதில் தெரிந்துவிடும். எந்த மாதிரிப் பந்தயத்தில் பணம் போகிறது என்பது தெரியாது. ஒரு பந்தயத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். தேதி, மைதானம், ரேஸ் எண், தூரம், டிராக் காய்ந்திருந்ததா ஈரமா, குதிரையின் பெயர், பந்தய வகை, கட்டிய தொகை, கட்டியபோது கிடைத்த ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டிய தொகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதம்), கட்டியதற்கான காரணம் ஆகிய இவ்வளவையும் ரேஸ் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ரேஸ் முடிந்த பிறகு கடைசி ஆட்ஸ் (ரேஸ் தொடங்கும்போது இருந்தது), குதிரை வந்த இடம், கைக்கு வந்த மொத்தத் தொகை, நிகர லாபம் அல்லது நஷ்டம்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது காரணத்தைத்தான். நாலைந்து சொல் போதும்: ‘தூரம் குறைந்திருக்கிறது’, ‘ஈர டிராக்கில் நன்றாக ஓடும்’, ‘நண்பர் சொன்னது’. சில மாதங்கள் கழித்து ‘நண்பர் சொன்னது’ என்றிருக்கும் வரிகளை மட்டும் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். நோட்டு எழுதுவதன் பலன் அங்கேதான் கிடைக்கும். இரவு வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முடிவு தெரிந்த மனம் காரணத்தை மாற்றி எழுதும். தோற்றுப்போன சின்னத் தொகைகள் நினைவுக்கே வராது.

கேள்வி: 5/2 என்று போடும் ஆட்ஸை எப்படிப் பதிவது?

பதில்: வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள்: 3.5. கட்டிய தொகையை இதால் பெருக்கினால் ஜெயித்தபோது திரும்பி வரும் மொத்தம் கிடைக்கும். நோட்டு முழுவதும் இந்த ஒரே முறை இருக்கட்டும். டோட்டில், அதாவது எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும் முறையில், அறிவிக்கும் டிவிடெண்டில் (ஜெயித்த சீட்டுக்குத் தரும் தொகையில்) கட்டிய பணமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அதன்மேல் கட்டிய தொகையை இன்னொரு முறை கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஈச்-வே கட்டினால் என் லாபக் கணக்கு எப்போதும் அதிகமாகவே காட்டுகிறது. தப்பு எங்கே?

பதில்: ஈச்-வே என்பது ஒரே சீட்டில் இரண்டு பந்தயங்கள். 10 ஈச்-வே என்றால் வின்னுக்கு (குதிரை முதலாவதாக வர) 10, பிளேஸுக்கு (முதல் சில இடங்களுக்குள் வர) 10, ஆக நீங்கள் கட்டியது 20. ஆட்ஸ் 8/1, பிளேஸுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். குதிரை இரண்டாவதாக வருகிறது. வின் பகுதி போய்விட்டது. பிளேஸ் பகுதியில் 10-க்கு லாபம் 16, கட்டிய 10-ம் சேர்ந்து 26 வரும். லாபம் 6 மட்டுமே. கட்டியது 10 என்று எழுதியிருந்தால் 16 லாபம் என்று நோட்டு சொல்லும். உங்கள் கணக்கில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும். ஒரு சீட்டை இரண்டு வரிகளாக எழுதினால் இந்தத் தப்பு வராது. பிளேஸ் பகுதி மட்டும் தனியாக உங்களுக்கு என்ன தருகிறது என்பதும் தெரியவரும்.

கேள்வி: குதிரை ஓடாமல் விலகினால் அந்த வரியை அடித்துவிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். ‘ரத்து’ என்று குறித்து, மொத்தம் கட்டிய தொகையில் மட்டும் சேர்க்காமல் விடுங்கள். வேறொரு குதிரை விலகியதால் புக்கி உங்கள் லாபத்தில் பிடித்தம் செய்திருந்தால், ஆட்ஸைத் திருத்த வேண்டாம். உண்மையில் வந்த தொகையை எழுதிப் பக்கத்தில் ‘பிடித்தம்’ என்று குறியுங்கள். முதலிடத்துக்கு இரண்டு குதிரைகள் சமமாக வந்தாலும் இதே முறைதான். நிலையான ஆட்ஸில் கட்டிய தொகையில் பாதிதான் ஜெயித்ததாகக் கொள்ளப்படும். ஆட்ஸ் 6, கட்டியது 10 என்றால் வருவது 30.

கேள்வி: 60 பந்தயங்கள், எல்லாவற்றிலும் ஒரே தொகை, எல்லாமே ஆட்ஸ் 5-ஐ ஒட்டி. 14 ஜெயித்தன. 17 சதவீத லாபம் நிற்கிறது. தொகையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பந்தயத்தில் கட்டும் தொகையை ஒரு யூனிட் என்று வைத்தால் 60 யூனிட் கட்டினீர்கள், 14 வெற்றிக்கு 70 வந்தது. அதில் இரண்டு குதிரைகள் ஒரு தலை நீள வித்தியாசத்தில் தோற்றிருந்தால் 12 வெற்றி, 60 யூனிட். லாபம் சுத்தமாக இல்லை. மூன்று தோற்றிருந்தால் 8 சதவீத நஷ்டம். இரண்டு மூன்று நெருக்கமான முடிவுகளில் தொங்கும் லாபத்தை நம்பித் தொகையை ஏற்றுவது ஆபத்து.

60 வரிகளில் லாபத்தைவிட நம்பகமாகப் பேசுவது ஆட்ஸ் ஒப்பீடுதான். நீங்கள் வாங்கிய ஆட்ஸ், கடைசி ஆட்ஸைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருந்தால் உங்கள் தேர்வில் ஏதோ இருக்கிறது. 6-க்கு வாங்கியது ரேஸ் தொடங்கும்போது 4.5-க்கு இறங்குவது நல்ல அறிகுறி, அந்தக் குதிரை தோற்றாலும் கூட. மாறாக, 5-க்கு வாங்கியவை தொடர்ந்து 7, 8 என்று ஏறினால், கையில் லாபம் இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று. ஐந்தில் ஒன்று ஜெயிக்கும் ஒருவருக்கு 500 பந்தயங்களில் தொடர்ச்சியாக 20 தோல்விக்கு மேல் வருவது இயல்பே. மிக நீண்ட தோல்வி வரிசையை நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எழுதிய கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போவதே இல்லை.

பதில்: பந்தயப் பணத்தை வீட்டுப் பணத்திலிருந்து முதலில் பிரியுங்கள். பிறகு உள்ளே போட்டது, வெளியே எடுத்தது இரண்டுக்கும் தனிப் பக்கம். வாரக் கடைசியில் தொடக்க இருப்பு, அதோடு போட்டது, அதிலிருந்து எடுத்தது கழித்து, நிகர லாப நஷ்டத்தைச் சேருங்கள். வரும் எண் கையிருப்போடு பொருந்த வேண்டும். முடிவு வராத பந்தயங்களில் முடங்கிய பணத்தையும் மறக்காதீர்கள். பந்தயத்துக்கான வரி (டாக்ஸ்), நுழைவுச் சீட்டு, ரேஸ் புத்தகம் எல்லாம் செலவு வரிசையில் ஏற வேண்டும். அதற்கும் மேல் துண்டு விழுந்தால், எழுதாத பந்தயங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் கடைசி ரேஸில், விட்டதைப் பிடிக்கக் கட்டியவை. அந்தத் தொகையை ‘எழுதாதது’ என்ற பெயரிலேயே நஷ்டத்தில் ஏற்றுங்கள். மாதாமாதம் அந்த எண் வளர்ந்தால் பந்தயத்தையே நிறுத்திவைத்து, வீட்டில் ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.