வெங்காய வேர்நுனி ஸ்லைடில் செல் பிரிதல் தெரிவதே இல்லை. எங்கே தவறு? இதை வைத்து ஆய்வுப் புராஜெக்ட் செய்ய முடியுமா?

மூன்று முறை செய்தும் வரிசை வரிசையாகச் செவ்வக செல்கள்தான் தெரிகின்றன, ஒரு குரோமோசோம்கூடக் கண்ணில் படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீளச் செவ்வகங்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன: நீங்கள் நசுக்கியது வேரின் தவறான பகுதி.

வேரில் செல்கள் மும்முரமாகப் பிரிவது நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். அதற்கு மேலே இருப்பவை பிரிந்து முடித்து நீளத் தொடங்கிவிட்டவை. சாயம் ஏற்றிய வேரைப் பாருங்கள், நுனி மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். அங்கே செல்கள் சிறியவை, நெருக்கமானவை, உட்கருதான் செல்லின் பெரும்பகுதி. அதனால் சாயம் அங்கே கூடுதலாகப் பிடிக்கிறது. அந்த 2 மில்லிமீட்டரை மட்டும் பிளேடால் நறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுங்கள்.

இனி ஆரம்பத்திலிருந்து. சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒரே இனம், இரண்டிலும் 16 குரோமோசோம்கள். எதை எடுத்தாலும் அடியிலுள்ள காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். வேர் 2 செ.மீ. வளர்ந்ததும் காலை 8 முதல் 10 மணிக்குள் வெட்டி, ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த திரவத்தில் உடனே போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அந்தக் கலவை அப்போதே கலந்ததாக இருக்க வேண்டும். பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

அடுத்த படியைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அவை கட்டியாகவே கிடக்கும். 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி செல்சியஸில் 5 முதல் 8 நிமிடம் போதும் (ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்). அதற்கு மேல் வைத்தால் வேர் கூழாகிவிடும், குரோமோசோமும் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. தண்ணீரில் கழுவிவிட்டு அசிட்டோகார்மைன் சாயத்தில் 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். லேசாகச் சூடு காட்டலாம், கொதிக்கக் கூடாது. கொதித்தாலோ காய்ந்தாலோ சாயம் சிவப்புத் துகள்களாகப் படிந்து, குரோமோசோம் போலவே ஏமாற்றும்.

நசுக்கும்போது கவர் ஸ்லிப் பக்கவாட்டில் நகரவே கூடாது. நகர்ந்தால் செல்கள் உருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். முதலில் பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டுங்கள், பிறகு ஃபில்டர் பேப்பரை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேர்கீழாக ஒரே அழுத்து. சதுரமான சிறு செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தை 10 மடங்கு லென்ஸில் தேடிப் பிடித்த பிறகே 40-க்குப் போங்கள். நல்ல ஸ்லைடிலும் பெரும்பாலான செல்கள் இடைநிலையில்தான் (ஒரு பிரிதலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலை) இருக்கும், அது தோல்வி அல்ல. மெட்டாஃபேஸை (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் அணிவகுக்கும் கட்டம்) மேலிருந்து பார்க்க நேர்ந்தால் நடுவில் கோடாகத் தெரியாது, பூப்போல விரிந்து தெரியும். அதைப் பிரிதலின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

புராஜெக்ட் தாராளமாகச் செய்யலாம். 1938-இல் ஆல்பர்ட் லெவான் கோல்ச்சிசின் என்ற நச்சு செல் பிரிதலை எப்படிக் குலைக்கிறது என்று ஆராய்ந்தது வெங்காய வேரில்தான். 1985-இல் கெய்ரிட் ஃபிஸ்கெஷோ இதைச் சுற்றுச்சூழல் மாசைச் சோதிக்கும் முறையாக வகுத்தார். சாயக்கழிவு, பூச்சிக்கொல்லி, நானோ துகள் என்று இன்றும் இதே வேரில் சோதித்துக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் தவறாமல் வரும் எண் மைட்டாடிக் குறியீடு: பிரியும் செல்களை மொத்த செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. 500 செல்களில் 40 பிரிந்துகொண்டிருந்தால் குறியீடு 8.

அப்படி ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எத்தனை வேர், எத்தனை செல் எண்ணினார்கள், வெறும் தண்ணீரில் வைத்த வேர் ஒப்பீட்டுக்கு இருந்ததா, கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) அளந்தார்களா என்று முதலில் தேடுங்கள். ஏதோ ஒரு மூலிகைச் சாறு வெங்காயத்தில் செல் பிரிதலைக் குறைத்தது, ஆகவே அது புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று முடிக்கும் கட்டுரையை நம்பாதீர்கள். அமிலத்தன்மை கூடினாலும் உப்பு கூடினாலும்கூட வேர் வளர்ச்சி குன்றும். அது மருந்துக் குணம் ஆகாது.

உங்களுக்கு ஏற்றது கஃபீன் சோதனை. கோல்ச்சிசின் கொடிய நஞ்சு, பள்ளியில் அதைத் தொடவே வேண்டாம். 100 மி.லி. தண்ணீரில் 100 மில்லிகிராம் தூய கஃபீனை, ஆசிரியரே எடைபோட்டுக் கொடுக்கட்டும். காபி டிகாஷன் இதற்கு உதவாது, அதில் கஃபீன் எவ்வளவு என்று தெரியாது, வேறு பொருள்களும் கலந்திருக்கும். வேரை ஒரு மணி நேரம் அதில் வைத்து, கழுவி, உடனே மேலே சொன்ன அசிட்டிக் அமிலக் கலவையில் போடுங்கள். தாவர செல்லில் பிரிதலின் கடைசிக் கட்டமான டீலோஃபேஸ் முடிவில் நடுச்சுவர் எழும்புவதைக் கஃபீன் தடுக்கிறது, ஆனால் உட்கரு பிரிவதைத் தடுப்பதில்லை. அதனால் ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் தெரியும். ஒப்பீட்டு வேர்கள் மூன்று, கஃபீன் வேர்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் 500 செல்கள் எண்ணுங்கள். எது எந்த ஸ்லைடு என்று எண்ணுபவருக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவர் குறியீட்டு எண் ஒட்டட்டும். ஒப்பீட்டு ஸ்லைடிலும் இரட்டை உட்கரு நிறைய வந்தால், நுண்ணோக்கியின் நுண்திருகை மெல்லத் திருப்பி இடையில் சுவர் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு செல்களாகத்தான் இருக்கும்.