மலை வீட்டுக்கு எந்தப் பெயிண்ட்?

படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள். டிஸ்டெம்பர் அடித்தாலும் மழை முடிந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. எதை அடிப்பது? (குன்னூர் வாசகி)

கடைக்குப் போகும் முன் பீரோவை நகர்த்திப் பாருங்கள். புள்ளிகள் அதன் பின்னாலும் மூலைகளிலும் அடர்ந்திருந்தால், அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிகிறது என்று அர்த்தம். தரையிலிருந்து ஏறினாலோ, ஜன்னலுக்கடியில் திட்டாக இருந்தாலோ, வெளியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. அதை அடைக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது.

அந்தக் கறுப்பு பூஞ்சை. மேலேயே அடித்தால் புதுப் பெயிண்டையும் துளைத்துக்கொண்டு வரும். பழைய டிஸ்டெம்பரை நனைத்துச் சுரண்டிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி ஊறவிடுங்கள். தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். அப்புறம் பிரைமர், அதன் மேல் பூஞ்சைத் தடுப்புள்ள எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்). பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நனைந்த துணியை அறைக்குள் காயப்போடுவதையும் விடுங்கள். பாதிக் குற்றவாளி அதுதான்.

கூரைக்குப் புது ஜிஐ தகரம் போட்டு எனாமல் அடித்தோம். ஒரே மழையில் தோல் தோலாக உரிகிறது. (கூடலூர்)

ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. எண்ணெய் எனாமல் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து, அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிவிடும். அதனால்தான் பிடிப்பில்லை. உரிந்ததை எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஜிஐக்கென்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்கி அடியுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் துரு ஏறும் சாதாரண இரும்புக்கு, இதற்கல்ல.

தாத்தா காலத்துக் கல் வீடு, சுண்ணாம்புக் காரை. எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடிக்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம், தயவுசெய்து. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் தோல் போட்டால் ஈரம் உள்ளே சிக்கி, கொப்பளித்து, காரையோடு பெயர்ந்து வரும். சுண்ணாம்பே அடியுங்கள். அதன் காரத்தன்மையில் பூஞ்சையும் எளிதில் அண்டாது. அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும், சரி, சுவர் பிழைக்கும்.

டிசம்பரில் வீட்டுக்கு வெளியே அடிக்கலாமா? (ஊட்டி)

தவிர்ப்பது நல்லது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் எமல்ஷன் சரியாகப் படலமாகாது; மாலையில் அடித்ததை இரவுப் பனி கெடுத்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறியபின் தொடங்கி, மதியத்தோடு நிறுத்துங்கள்.

பழைய மர ஜன்னலைச் சுரண்டி எனாமல் அடிக்கப் போகிறோம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (கொடைக்கானல்)

கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீயால் எரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வேலை முடிந்து, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கும் வரை குழந்தையும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.