ஆர்மீனியாவில் ஐந்து நாள்: எல்லா மடமும் ஒரே மாதிரிதானா?

கேள்வி: ஆர்மீனியாவுக்கு ஐந்து நாள் சுற்றுலா போக நினைக்கிறோம். எங்கே போனாலும் மடாலயம்தானாமே, சலித்துவிடாதா? வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

சலிக்கும். எனக்கு முதல் நாளே சலித்தது. ஆனால் குற்றம் மடங்களுடையது இல்லை, நாங்கள் போன விதத்துடையது.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். போன செப்டம்பர் கடைசியில் அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார். வயது 66, வலது முட்டி தேய்மானம், சுத்த சைவம். மூன்று மணி நேர விமானம்தானே என்று அம்மா, மனைவி, நான் மூவரும் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு டிக்கெட் போட்டோம். விசா ஆன்லைனிலேயே கிடைத்தது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் அவர்களுடைய அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் போனோம். கார்னியில் 40 நிமிஷம், பாறையைக் குடைந்து கட்டிய கெகார்ட் மடத்தில் 25 நிமிஷம், ஒயின் கடையில் ஒன்றேகால் மணி நேரம். கார்னி கி.பி. முதல் நூற்றாண்டுக் கோயில். 24 தூண்கள், பார்த்தால் கிரேக்க நாட்டில் நிற்பது போல இருக்கும். 1679 நிலநடுக்கத்தில் விழுந்து கிடந்ததை 1969க்கும் 1975க்கும் இடையில் தூக்கி நிறுத்தினார்கள். போட்டோ எடுக்க அந்த 40 நிமிஷம் போதும். கெகார்டில்தான் வயிறு எரிந்தது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை ஏற்றம். அம்மா மெதுவாக ஏறி உள்ளே கால் வைக்கிறார், வழிகாட்டி கொடியை ஆட்டிக் கூப்பிடுகிறார். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அம்மா.

அன்று ராத்திரியே மீதி வேன் பயணங்களை ரத்து செய்தோம். பாதிப் பணம் போனது போனதுதான். தங்கியிருந்த வீட்டுக்காரர் மூலம் நாள் கணக்கில் ஒரு கார் பேசினோம். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும், ஆங்கிலமும் ஐம்பது வார்த்தை. அம்மாவை "தாத்திக் ஜான்" என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, ஆர்மீனிய மொழியில் தாத்திக் என்றால் பாட்டி. 'ஜான்' நம்ம ஊர்க் 'கண்ணு' மாதிரி, எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் முடிவதற்குள் அம்மாவும் அவரை ஜான் போட்டுத்தான் கூப்பிட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா மடமும் ஒரே மாதிரியா? ஏறக்குறைய ஆமாம். கூம்பு வைத்த கோபுரம், அதற்குக் கீழே சின்ன, இருட்டான தேவாலயம், அதற்கு முன்னால் தூண் வைத்த ஒரு மண்டபம், சுற்றிலும் சிலுவை செதுக்கிய கற்பலகைகள். அந்த மண்டபத்துக்குக் காவித் என்று பெயர். கூட்டம் கூடுவது, பாடம் நடத்துவது, பெரிய மனிதர்களைப் புதைப்பது எல்லாம் அங்கேதான். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் இருக்கும், அவற்றின் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். அம்மா முதலில் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனார். மிதிபட வேண்டும் என்றே அங்கே புதைக்கச் சொன்னவர்கள் அவர்கள், அது ஒரு பணிவு என்று ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அப்போதும் அம்மா மிதிக்கவில்லை. இந்த அமைப்பு ஒரு தடவை பிடிபட்டுவிட்டால், ஒவ்வொரு இடத்திலும் எது வேறு என்று கண் தானாகவே தேடும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது மடத்தில் நீங்கள் கழிவறையைத்தான் தேடுவீர்கள்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கே கோர் விராப் மடம். நேரம் முக்கியம். அரராத் மலை காலையில்தான் சுத்தமாகத் தெரியும், வெயில் ஏறினால் புகை மாதிரி மங்கிவிடும். கோர் விராப் என்றால் ஆழ்குழி. கிரிகோரி என்ற துறவியை அரசன் திரிதாத் இங்கே பாம்புக் குழியில் போட்டு 13 வருஷம் வைத்திருந்தான், பிறகு அரசனுக்கே புத்தி பேதலிக்க, கிரிகோரிதான் வெளியே வந்து குணப்படுத்தினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. அதன் பிறகு 301இல் கிறிஸ்தவம் அரச மதமாயிற்று. உலகில் அதைச் செய்த முதல் நாடு நாங்கள்தான் என்பதைச் சொல்லாத ஆர்மீனியரை நான் பார்க்கவில்லை. குழிக்குள் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கலாம். நானும் மனைவியும் இறங்கினோம், மூச்சு முட்டியது. அம்மா மேலே மதில் ஓரம் உட்கார்ந்து அரராத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 5,137 மீட்டர், தலை முழுக்கப் பனி. ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்திலேயே இருக்கும் மலை, ஆனால் நிற்பது துருக்கியில். எல்லை 1993இலிருந்து மூடியிருக்கிறது. கீழே திராட்சைத் தோட்டம் முடியும் இடத்திலேயே எல்லைதான். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த ஓட்டுநர் அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து நோரவாங்க். வாங்க் என்றால் மடம். வழியெல்லாம் பெயர்ப்பலகையில் வாங்க், வாங்க் என்றிருக்க, "நம்மளத்தான் வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க" என்று அம்மா சிரித்தார். குறுகலான பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செம்பாறை. அதன் முடிவில் 1339இல் முடிந்த இரண்டு அடுக்குத் தேவாலயம். கீழே கல்லறை, மேலே தேவாலயம். மேலே போக முகப்புச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள்தான் வழி, ஒரு பாதம் அகலம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயதானவர்கள் ஏறவே வேண்டாம். ஏறும்போதுகூடத் தைரியமாக இருந்தேன், இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். பக்கத்துக் காவித்தின் மேல் ஜன்னலுக்கு மேலே பிதாவாகிய கடவுளையே தாடியோடு செதுக்கியிருக்கிறார்கள், நீண்ட வாதுமைக் கண். மற்ற மடங்களில் இப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

சாலையோரம் கோக் பாட்டில்களில் சிவப்பாக ஏதோ அடுக்கி வைத்திருப்பார்கள். ஜூஸ் என்று நினைத்துக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது வீட்டு ஒயின். ஈரானுக்குப் போகும் லாரிக்காரர்கள் அப்படித்தான் மறைத்துக் கொண்டுபோவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அங்கேயுள்ள அரேனி குகையில் சுமார் 6,000 வருஷத்துக்கு முந்தைய ஒயின் தயாரிப்பு இடமும், 5,500 வருஷப் பழைய தோல் செருப்பும் கிடைத்திருக்கின்றன. செருப்பு யெரெவானில் உள்ள ஆர்மீனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கயிறு கோத்த ஒற்றைக்கால் செருப்பு. இன்றைக்கு விற்றாலும் வாங்குவார்கள்.

தாத்தேவ் மடத்துக்கு ரோப் கார். 5.7 கிலோமீட்டர், சுமார் 12 நிமிஷம், 2010இல் திறந்தது. முட்டிவலிக்காரர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுங்கள். தாத்தேவ் மடத்தைவிட, பள்ளத்தாக்கின் மேல் தொங்கிக்கொண்டே அது நெருங்கி வருவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளே போனதும் புதிதாகச் செப்பனிட்ட வாசனை. ராத்திரி கோரிஸில் தங்கினோம். யெரெவானிலிருந்து ஒரே நாளில் தாத்தேவ் போய்த் திரும்பலாம் என்று விற்பார்கள். ஒரு வழியே 250 கிலோமீட்டர், மலைப் பாதை. அம்மாவோடு போகிறீர்கள் என்றால் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், சைவத்துக்குக் கவலையே வேண்டாம். கீரைகளை நறுக்கி உள்ளே வைத்து, மெல்லிசாகத் தட்டிச் சுடும் ஜெங்யலோவ் ஹாட்ஸ் என்ற ரொட்டி. அம்மா நான்கு நாள் அதில்தான் வாழ்ந்தார். லவாஷ் என்ற பெரிய மெல்லிய ரொட்டியைத் தரைக்குள் பதித்த தோனிர் அடுப்பின் சுவரில் அறைந்து சுடுவார்கள். தயிருக்கு மத்சூன், உப்புப் போட்ட மோருக்கு 'தான்' என்று பெயர். "மோர் கிடைக்கிற ஊர்ல எத்தனை நாள் வேணாலும் இருப்பேன்" என்று அம்மா சான்றிதழே கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் 2,410 மீட்டர் உயரத்தில் செலிம் கணவாய். மேலே 1332இல் கட்டிய வணிகர் சத்திரம். ஜன்னலே இல்லாத கல் மண்டபம், கூரைத் துளையில் மட்டும் வெளிச்சம். பனிக்காலத்தில் இந்தப் பாதையை நம்ப வேண்டாம். இறங்கினால் நொரதூஸ் கல்லறைத் தோட்டம். கச்கார் எனப்படும் சிலுவைக் கற்கள் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றிலும் சரிகை போல நுண்வேலை, நடுவில் ஆடு மேய்கிறது. ஒரு முறை தைமூர் படை வந்தபோது ஊர்க்காரர்கள் இந்தக் கற்களுக்குத் தலைக்கவசம் மாட்டி வாளைச் சாய்த்து வைத்தார்களாம். தூரத்திலிருந்து பெரிய சேனை என்று நினைத்து எதிரி திரும்பிப் போனானாம். சாக்ஸ் பின்னி விற்கும் பாட்டி ஒருவர் அந்தக் கதையை நடித்தே காட்டினார். கதைக்காக இரண்டு ஜோடி வாங்கினோம். சென்னை வெயிலுக்குக் கம்பளிச் சாக்ஸ்!

செவான் ஏரியில் அதிக நேரம் வேண்டாம். அங்கே மடம் இருக்கும் குன்று முன்பு தீவு. சோவியத் காலத்தில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீரை இறக்கியதில் மட்டம் சுமார் 20 மீட்டர் தாழ்ந்து தீபகற்பம் ஆகிவிட்டது. பிறகு 1981இல் அர்ப்பா ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

நான்காம் நாள் நகரத்துக்குள். மத்தேனதரான் சுவடி நூலகத்தில் 28 கிலோ எடையுள்ள ஒரு தோல் சுவடி இருக்கிறது. 1915இல் ஒட்டோமான் துருக்கியில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையின்போது தப்பி ஓடிய இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே நிற்கும்போது நம்ம சென்னை பாரிமுனை பக்கத்து ஆர்மேனியன் தெரு ஞாபகம் வந்தது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய ஹாருத்யூன் ஷ்மாவோன்யன் அந்தத் தெருத் தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அரண்மனைக்காரன் தெரு என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது அந்தத் தெருவைத்தான். ஆர்மீனியன் மருவி அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. "அறுபது வருஷமா எந்த அரண்மனைன்னு யோசிச்சிட்டிருந்தேன்டா" என்றார்.

ஐந்தாம் நாள் வடக்கே ஹக்பாத், சனாஹின் மடங்களுக்குப் போவதாகத் திட்டம். இரண்டும் பத்தாம் நூற்றாண்டு, இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. காலையில் அம்மா கேட்டார்: "அந்தக் குகைக் கோயிலுக்கே திரும்பப் போகலாமா?" ஹக்பாத்தை விட்டதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் கெகார்டுக்கே போனோம்.

அன்று ஞாயிறு. இந்தத் தடவை அம்மா வாசல் ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார், காதா என்ற இனிப்பு ரொட்டி விற்கும் பெண்களிடம் சைகையில் விலை பேசினார். முதன்மைத் தேவாலயம் 1215இல் கட்டியது. அதன் பக்கத்து அறைகள்தான் அதிசயம். பாறையின் உச்சியில் துளையிட்டு, அதன் வழியாக இறங்கி, கீழ்நோக்கிக் குடைந்துகொண்டே வந்தார்கள் என்கிறார்கள். ஒரு அறையில் பாறையிலிருந்து ஊற்று கசிந்து தரைக் கால்வாயில் ஓடுகிறது, ஜனங்கள் பாட்டிலில் பிடிக்கிறார்கள். அம்மாவும் பிடித்தார். தண்ணீர் நிற்கும் மணல் தட்டில் மெழுகுவத்தி நட்டார். வழிபட்டவர்கள் பீடத்துக்குப் புறம் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியேறுவதைப் பார்த்து, தானும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வந்தார். மேல் அறைக்கு வெளிப்படி ஏறி, சுவர் முழுக்கச் சிலுவை வெட்டிய இருட்டு வழியில் போக வேண்டும். அங்கே ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வரி இழுத்தார். பாட்டுக்காரர் இல்லை, குரல் கரகரப்பு. ஆனால் அவர் வாயை மூடிய பிறகும் அந்தச் சத்தம் சுவரில் சுற்றிக்கொண்டே இருந்தது.

வெளியே ஒரு குடும்பம் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு தேவாலயத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. மதாக் என்கிறார்கள், நேர்த்திக்கடன். சாமியார் மந்திரித்த உப்பைச் சேவலுக்குக் கொடுத்து, பிறகு அறுத்து, அந்த உப்பை மட்டும் போட்டு வேகவைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். "இது நம்ம ஊர்க் கிடா வெட்டுடா" என்றார் அம்மா, பார்த்த மாத்திரத்தில். இன்னொரு குடும்பம் வெந்த ஆட்டுக்கறியை லவாஷில் சுற்றி ஆளாளுக்கு நீட்டிக்கொண்டு வந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தார். என் பங்கோடு சேர்த்து இரண்டையும் நானே சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.