பழைய விண்டோஸ், புதிய பிரவுசர்

கேள்வி: விண்டோஸ் 7, ரேம் 4 ஜிபி. குரோமில் வங்கித் தளத்தைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருகிறது. குரோம் அப்டேட்டும் ஆகவில்லை. வேறு பிரவுசர் போட்டால் சரியாகுமா? - வாசகி, தென்காசி

பதில்: முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். என் அக்கா வீட்டுக் கணினியில் இதே தொல்லை. பிரவுசரை மூன்று முறை அழித்துப் போட்டும் தீரவில்லை. பார்த்தால், தேதி 2009 என்று காட்டியது! பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் உண்டு. கடிகாரம் பின்தங்கினால், எந்தப் பிரவுசரும் அதை ஏற்காது. தேதியைத் திருத்துங்கள். கணினியை அணைத்துப் போட்டதும் மறுபடி மாறினால், மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை மாற்ற வேண்டும். பெரும்பாலும் சி.ஆர். 2032தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அப்டேட் விஷயம் வேறு. விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 109. 2023 ஜனவரியோடு சரி. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 115 ஈ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவு தரும்) பதிப்பு இதில் ஓடும். ஆனால் விண்டோஸ் 7க்கே மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்திவிட்டது. பணம் புழங்கும் வேலைக்கு அதை நம்பாதீர்கள், தயவுசெய்து.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபிக்குத் தாராளம். புது ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும். பிடித்திருந்தால் மாறுங்கள். அதற்கு முன் கோப்புகளோடு குரோம் புக்மார்க்குகளையும் எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள்.